வெளிநாட்டுச் செல்பேசிக்குப் பேசும் விலை

ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டின் செல்பேசிக்குச் செல்லும் அழைப்பின் விலையில் நான்கு பங்குகள் உண்டு. அழைப்பவரின் தொலைபேசி நிறுவனம் எடுத்துக்கொள்வது முதல் பங்கு. அழைப்பைக் கடல் கடத்திக் கொண்டுபோகும் இடைநிலை நிறுவனத்தின் கூலி இரண்டாவது. மறுமுனையில் இருக்கும் செல்பேசியை ஒலிக்கவைக்கும் நிறுவனம் பெறும் தொகை மூன்றாவது. அரசுகள் விதிக்கும் வரியும் தீர்வையும் நான்காவது. இவற்றில் கடல் கடத்தும் கூலி ஏறத்தாழ ஒன்றுமில்லை என்ற அளவுக்குத் தேய்ந்துவிட்டது. மற்ற மூன்றும் தொலைவைப் பொறுத்து மாறுவதில்லை. அழைக்கும் நாட்டின், முக்கியமாகச் சேரும் நாட்டின், சட்டத்தையும் சந்தையையும் பொறுத்து மாறுகின்றன. சென்னையிலிருந்து நியூயார்க் செல்பேசிக்குப் பேசுவது, பக்கத்தில் இருக்கும் கொழும்புச் செல்பேசிக்குப் பேசுவதைவிடப் பெரும்பாலும் மலிவாக இருப்பது இதனால்தான். மலிவான அழைப்பைத் தேடுவது என்பது, அழைப்பு எந்த வாசல் வழியாக அந்த நாட்டுக்குள் நுழைகிறது என்பதைத் தேடுவதே.

பாதையின் விலை

1927 ஜனவரி 7 அன்று நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே பொதுமக்களுக்கான தொலைபேசிச் சேவை தொடங்கியது. குரல் வானொலி அலையாகச் சென்றது. மூன்று நிமிடம் பேச 75 டாலர், அதாவது 15 பவுண்டு. அன்றைய பிரிட்டனில் ஒரு தொழிலாளியின் பல வாரக் கூலி அது. அப்போது விலைக்குக் காரணம் உண்மையாகவே தொலைவும் இடப் பற்றாக்குறையும்தான்.

1956 செப்டம்பர் 25இல் ஸ்காட்லாந்தின் ஓபன் நகரையும் நியூஃபவுண்ட்லாந்தின் கிளாரன்வில்லையும் இணைத்து, அட்லாண்டிக்கின் முதல் தொலைபேசிக் கேபிளான டாட்-1 திறக்கப்பட்டது. அதில் ஒரே நேரத்தில் 36 உரையாடல்கள் செல்லலாம். 1965இல் ஏவப்பட்ட இன்டெல்சாட்-1 செயற்கைக்கோள் 240 உரையாடல்களைத் தாங்கியது. 1988இல் அட்லாண்டிக்கில் இடப்பட்ட முதல் ஒளியிழைக் கேபிளான டாட்-8 ஏறக்குறைய 40,000 உரையாடல்களுக்கு இடம் தந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகளில் கேபிளின் கொள்ளளவு ஆயிரம் மடங்குக்கு மேல் பெருகியது.

இந்தியாவில் இருந்து நேரடியாக எண்ணைச் சுழற்றி வெளிநாட்டுக்குப் பேசும் வசதி, அதாவது ஐ.எஸ்.டி., 1976இல் மும்பைக்கும் லண்டனுக்கும் இடையே தொடங்கியது. 1981இல் சென்னையையும் மலேசியாவின் பினாங்கையும் இணைக்கும் கடலடி கேபிள் வந்தது. 2002இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சுமார் 3,200 கிலோமீட்டர் நீளத்தில் இடப்பட்ட ஐ2ஐ கேபிளின் வடிவமைப்புக் கொள்ளளவு நொடிக்கு 8.4 டெராபிட். தொலைபேசித் தரத்தில் ஒரு குரலுக்கு நொடிக்கு 64 கிலோபிட் போதும். அந்தக் கணக்கில், அந்த ஒரு கேபிளில் மட்டும் ஒரே நேரத்தில் ஏறக்குறைய 13 கோடிப் பேரின் குரலை ஒரு திசையில் அனுப்ப முடியும். ஒளியிழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்வதால், சென்னையில் பேசிய சொல் சிங்கப்பூரை அடைய 16 மில்லிநொடி ஆகிறது.

இன்று கடலடி கேபிள்களில் ஓடுவதில் பெரும்பகுதி காணொளியும் பிற தரவுகளும்தான். குரல் அதில் ஒரு சிறு துளி. கேபிளுக்கு ஆகும் செலவை இத்தனை போக்குவரத்துக்கும் பங்கிட்டால், ஒரு நிமிடப் பேச்சுக்கு விழும் தொகை பைசாவின் மிகச் சிறிய பின்னம். அப்படியிருந்தும் சில நாடுகளின் செல்பேசிக்குப் பேச நிமிடத்துக்குப் பல ரூபாய் ஆகிறது என்றால், அந்தப் பணம் போவது பாதைக்கு அல்ல.

மறுமுனையின் வாசல்

ஒரு செல்பேசி எண்ணுக்கு அழைப்பு வந்து சேர வேண்டுமானால், அந்த எண்ணைக் கொடுத்திருக்கும் நிறுவனத்தின் வலையமைப்புக்குள் அது நுழைந்தே ஆக வேண்டும். வேறு வழி கிடையாது. நுழையவிடுவதற்கு அந்த நிறுவனம் வாங்கும் தொகைக்கு டெர்மினேஷன் கட்டணம், அதாவது முடிவிடக் கட்டணம், என்று பெயர். எத்தனை நிறுவனங்கள் போட்டியிட்டாலும் ஒவ்வொரு நிறுவனமும் தன் வாடிக்கையாளரை அடையும் வழிக்கு ஏகபோக உரிமை கொண்டிருக்கிறது. சுற்றுப்பாதை இல்லாத ஊரின் சுங்கச்சாவடி போன்றது இது. அதனால்தான் பெரும்பாலான நாடுகளில் இந்தக் கட்டணத்தை ஒழுங்குமுறை ஆணையங்கள் நிர்ணயிக்கின்றன.

பழைய முறையில் இரு நாட்டு அரசுத் தொலைபேசித் துறைகள் ஒரு நிமிடத்துக்கு இவ்வளவு என்று கணக்குவிலை பேசிக்கொள்ளும். அதில் பாதியை, அழைப்பு தொடங்கிய நாடு, பெற்ற நாட்டுக்குக் கொடுக்கும். செல்வ நாடுகளில் இருந்தே அதிக அழைப்புகள் சென்றதால், பெறும் நாடுகளுக்கு அது நல்ல அந்நியச் செலாவணி. 1990களின் நடுவில் அமெரிக்க நிறுவனங்கள் இந்த வகையில் ஆண்டுக்கு 500 கோடி டாலருக்கு மேல் நிகரமாக வெளிநாடுகளுக்குச் செலுத்திக்கொண்டிருந்தன. 1997இல் அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் இதற்கு உச்சவரம்பு விதித்தது. உயர் வருவாய் நாடுகளுக்கு நிமிடத்துக்கு 15 சென்ட், நடுத்தர வருவாய் நாடுகளுக்கு 19 சென்ட், குறைந்த வருவாய் நாடுகளுக்கு 23 சென்ட் என்று வைத்து, அதற்கு மேல் கொடுக்கக் கூடாது என்று தன் நாட்டு நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. பல நாடுகள் எதிர்த்தன. ஆனாலும் பழைய கணக்குவிலை முறை அதன்பின் வேகமாகச் சரிந்தது.

இந்தியாவில் வெளிநாட்டு அழைப்புகள் 1986இல் உருவான விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனத்தின் ஏகபோகமாக இருந்தன. மஞ்சள் பலகை வைத்த எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத்களில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசிய காலம் அது. 2002 ஏப்ரல் 1இல் அந்த ஏகபோகம் முடிந்து, தனியார் நிறுவனங்களும் வெளிநாட்டு அழைப்புச் சேவையில் இறங்கின. விலை சரியத் தொடங்கியது.

வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வரும் அழைப்புக்கான முடிவிடக் கட்டணத்தை இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2009இல் நிமிடத்துக்கு 40 பைசாவாக வைத்தது. 2015இல் அது 53 பைசாவாக உயர்ந்து, 2018இல் 30 பைசாவாக இறங்கியது. 2020 மே முதல், 35 பைசாவுக்கும் 65 பைசாவுக்கும் இடையில் நிறுவனங்களே தீர்மானித்துக்கொள்ளலாம் என்றானது. உள்நாட்டில் ஒரு செல்பேசி நிறுவனம் இன்னொன்றுக்குக் கொடுக்கும் கட்டணமோ 2017 அக்டோபரில் 6 பைசாவாகக் குறைந்து, 2021 ஜனவரி 1 முதல் முற்றாக நீக்கப்பட்டது. வெளியிலிருந்து வரும் அழைப்புக்கு ஒரு விலை, உள்ளே நடக்கும் அழைப்புக்கு விலையே இல்லை. இந்த இடைவெளியின் விளைவு பின்னர் வரும்.

இலங்கை 2004ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டத்தின் மூலம், சர்வதேச அழைப்புகளைக் கையாளும் நிறுவனங்கள்மீது தீர்வை விதித்தது. சிறிய நாடுகளும் தீவு நாடுகளும் இப்படி உள்வரும் அழைப்பை ஒரு வருவாய் வழியாகப் பார்ப்பது வழக்கம். அங்கே பேசுவதற்கான சில்லறை விலை இந்தியாவுக்குப் பேசும் விலையைப்போலப் பல மடங்காக இருப்பதற்கு முதற்காரணம் இதுவே.

செல்பேசிக்கு ஏன் கூடுதல் விலை

பிரான்சிலோ பிரிட்டனிலோ ஒரு வீட்டுத் தரைவழித் தொலைபேசிக்குப் பேசும் விலையும் அங்குள்ள செல்பேசிக்குப் பேசும் விலையும் நெடுங்காலம் பெரிதும் வேறுபட்டிருந்தன. அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர், ஹாங்காங் ஆகிய இடங்களில் அப்படி வேறுபாடு இல்லை. காரணம் கட்டணம் வசூலிக்கும் முறை.

ஐரோப்பாவில் செல்பேசி வந்தபோது, அழைப்பவரே முழுச் செலவையும் ஏற்கும் முறை வகுக்கப்பட்டது. செல்பேசி வைத்திருப்பவருக்கு உள்வரும் அழைப்பு இலவசம். கோபுரங்களுக்கான செலவு அழைப்பவரின் தலையில் முடிவிடக் கட்டணமாக ஏறியது. இந்தியா 2003இல் இதே முறைக்கு மாறியது. அதற்கு முன் உள்வரும் அழைப்புக்கும் செல்பேசிக்காரர் பணம் கொடுத்தார். அமெரிக்காவிலும் கனடாவிலும் செல்பேசி வைத்திருப்பவர் உள்வரும் நிமிடங்களுக்கும் தன் திட்டத்திலிருந்து கொடுப்பார். அங்கே செல்பேசி எண்ணுக்குத் தனி முன்னொட்டும் கிடையாது. ஒரே ஊரின் தரைவழி எண்ணும் செல்பேசி எண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அழைப்பவருக்கு இரண்டும் ஒரே விலை.

ஐரோப்பிய ஒன்றியம் இந்த ஏற்றத்தாழ்வைச் சட்டத்தால் குறைத்தது. ஒன்றியம் முழுவதற்குமான செல்பேசி முடிவிடக் கட்டணத்தின் உச்சவரம்பு 2021 ஜூலையில் நிமிடத்துக்கு 0.7 யூரோ சென்ட்டாக இருந்து, 2022இல் 0.55, 2023இல் 0.4 என்று இறங்கி, 2024 முதல் 0.2 சென்ட் ஆகியது. சில்லறை விலையிலும் தலையிட்டது. 2019 மே 15 முதல், ஒன்றியத்தின் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டு எண்ணுக்குப் பேச வரி நீங்கலாக நிமிடத்துக்கு 19 சென்ட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை; இந்த வரம்புகள் அதைக் கட்டுப்படுத்தா. ஜெர்மனிச் செல்பேசிக்கும் சுவிஸ் செல்பேசிக்கும் விலைப்பட்டியலில் இருக்கும் பெரும் வேறுபாட்டுக்கு விளக்கம் இதில் இருக்கிறது.

0.2 சென்ட் வரம்பு எல்லா அழைப்புகளுக்கும் பொருந்துவதில்லை. ஒன்றியத்துக்கு வெளியே உள்ள எண்ணிலிருந்து வரும் அழைப்புக்கு, அந்த வெளிநாட்டின் முடிவிடக் கட்டணம் இதற்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால்தான் இந்தச் சலுகை. இல்லையென்றால் ஐரோப்பிய நிறுவனம் தன் விருப்பப்படி கூடுதலாக வாங்கலாம். ஆகவே ஒரே பாரிஸ் செல்பேசிக்கு, ஜெர்மனி எண்ணிலிருந்து போகும் அழைப்புக்கு ஒரு விலையும் ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள எண்ணிலிருந்து போகும் அழைப்புக்கு வேறு விலையும் வருகின்றன. அழைக்கப்படும் எண்ணைப் போலவே அழைப்பவரின் எண்ணும் இப்போது விலையைத் தீர்மானிக்கிறது.

எண்ணில் ஒளிந்திருக்கும் விலை

சர்வதேசத் தொலைபேசி எண்ணில் நாட்டுக் குறியீடு உட்பட அதிகபட்சம் 15 இலக்கங்கள் இருக்கலாம். தொலைபேசி நிறுவனத்தின் கணினி, எண்ணின் முதல் சில இலக்கங்களைத் தன் விலை அட்டவணையோடு ஒப்பிட்டு, எந்த முன்னொட்டு மிக நீளமாகப் பொருந்துகிறதோ அதன் விலையைப் போடுகிறது. 44 என்றால் பிரிட்டன். 447 என்று தொடங்கினால் பெரும்பாலும் செல்பேசி. ஆனால் ஜெர்சி, குவர்ன்சி, மான் தீவு ஆகியவற்றின் செல்பேசிகளும் 447 என்றே தொடங்குகின்றன. அவை ஐக்கிய இராச்சியத்தின் பகுதி அல்ல; முடிவிடக் கட்டணமும் அதிகம். 4470 என்று தொடங்குபவை செல்பேசி போலத் தோன்றும் ‘தனிநபர் எண்கள்’. பிரிட்டன் ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் அவற்றுக்கான மொத்த விலைக்கு வரம்பு வைக்கும்வரை மிக அதிகக் கட்டணம் வாங்கின. ‘பிரிட்டன் செல்பேசி’ என்று விளம்பரத்தில் சொல்லப்படும் விலை இந்த முன்னொட்டுகளுக்குப் பொருந்தாமல் போவது வழக்கம். இதேபோல் 1 என்ற குறியீட்டை அமெரிக்காவும் கனடாவும் மட்டுமின்றிக் கரீபியத் தீவுகள் பலவும் பகிர்ந்துகொள்கின்றன. ஜமைக்கா, டிரினிடாட் எண்கள் அமெரிக்க எண் போலவே தெரியும், விலை வேறு.

ஒரே ஒரு முறை ஒலித்து நின்றுவிடும் வெளிநாட்டு அழைப்புகள் இந்த முன்னொட்டு விலையை வைத்து நடக்கும் மோசடி. தவறிய அழைப்பைப் பார்த்துத் திரும்ப அழைப்பவர் முடிவிடக் கட்டணம் மிக அதிகமான ஓர் எண்ணுக்குப் பேசுகிறார். அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கு மோசடிக்காரருக்குப் போகிறது.

மொத்தச் சந்தை

சில்லறையாக அழைப்பு விற்கும் நிறுவனங்கள் எல்லா நாட்டு நிறுவனங்களோடும் நேரடி ஒப்பந்தம் வைத்திருப்பதில்லை. இடையில் மொத்த வியாபாரிகள் இருக்கிறார்கள். அவர்கள் முன்னொட்டு வாரியாக விலைப்பட்டியல் அனுப்புகிறார்கள். வாங்கும் நிறுவனத்தின் கணினி ஒவ்வோர் அழைப்புக்கும் மலிவான வியாபாரியைத் தேர்கிறது. அவர் ஏற்க மறுத்தால் அடுத்தவருக்குத் தள்ளுகிறது. ஒரே அழைப்பு நான்கைந்து கை மாறி, இரண்டு மூன்று நாடுகளைச் சுற்றிப் போவதும் உண்டு.

மலிவான பாதையின் குறைகள் இங்கேதான் பிறக்கின்றன. எண்ணை அழுத்திய பின் மணி ஒலிக்க நெடுநேரம் ஆகும். ஒவ்வொரு கையும் மறுக்கும்வரை காத்திருப்பதே அதற்குக் காரணம். அழைப்பவரின் எண் மறுமுனையில் தெரியாமல் போகும், அல்லது ஏதோ ஓர் எண்ணாகத் தெரியும். குரல் பலமுறை சுருக்கப்பட்டு விரிக்கப்படுவதால் தேய்ந்து கேட்கும். நாணயமற்ற சில இடைத்தரகர்கள், மறுமுனையில் எடுக்கும் முன்பே எடுத்துவிட்டதாகச் சமிக்ஞை அனுப்பி, மணி ஒலிக்கும் நேரத்துக்கும் பணம் வாங்குவார்கள்.

இந்தச் சந்தையின் நிழலில் இருப்பது சிம் பாக்ஸ். பல பத்து சிம் அட்டைகளைப் பொருத்திய ஒரு பெட்டி அது. வெளிநாட்டிலிருந்து அழைப்பு இணையம் வழியாக அந்தப் பெட்டிக்கு வருகிறது. பெட்டி தன்னிடமுள்ள ஓர் உள்ளூர் சிம்மிலிருந்து உரியவருக்கு அழைக்கிறது. செல்பேசி நிறுவனத்தின் கண்ணுக்கு அது உள்ளூர் அழைப்பு. சர்வதேச முடிவிடக் கட்டணம் தப்பிப்போகிறது. துபாயிலிருந்து பேசுகிறார் என்று எதிர்பார்க்கும் வீட்டில், முன்பின் தெரியாத உள்ளூர்ப் பத்து இலக்க எண் ஒளிர்வது இதன் அடையாளம். வரம்பற்ற உள்நாட்டு அழைப்பு மலிவாகக் கிடைக்கும் நாட்டில், வெளிநாட்டு அழைப்புக்கு மட்டும் கட்டணம் இருக்கும்வரை இந்தப் பெட்டிக்கு இலாபம் உண்டு. அழைப்பின் உண்மையான மூலத்தை மறைப்பதால் பணமோசடிக் கும்பல்களும் இதைப் பயன்படுத்துகின்றன. இந்தியாவில் இது குற்றம். எப்போதும் ஒரே இடத்தில் இருந்துகொண்டு, வெளியே அழைத்துக்கொண்டே இருந்து, உள்வரும் அழைப்பே இல்லாத சிம்களைக் கண்டறிந்து நிறுவனங்கள் இவற்றைப் பிடிக்கின்றன.

திரும்ப அழைத்தலும் காலிங் கார்டும்

விலை வேறுபாட்டைப் பயன்படுத்தும் முயற்சி சிம் பாக்ஸுக்கு முன்பே தொடங்கியது. 1990களில், அழைப்பு விலை அதிகமான நாட்டில் இருப்பவர் அமெரிக்காவில் உள்ள ஓர் எண்ணுக்கு அடித்து, எடுக்கும் முன் வைத்துவிடுவார். அங்குள்ள கணினி அவரைத் திரும்ப அழைத்து, அமெரிக்க இணைப்பொலியைக் கொடுக்கும். அதன்பின் அவர் எங்கு பேசினாலும் அது அமெரிக்காவில் தொடங்கிய அழைப்பாகவே கணக்கிடப்படும். அரசுத் தொலைபேசித் துறைகளின் வருவாயைக் கரைத்ததால் பல நாடுகள் இதைத் தடை செய்தன.

டொராண்டோ, லண்டன், பாரிஸ் போன்ற நகரங்களின் தமிழ்க் கடைகளில் நெடுங்காலம் விற்ற காலிங் கார்டு வேறொரு முறை. அட்டையைச் சுரண்டினால் ஓர் இரகசிய எண் வரும். உள்ளூர் அணுகு எண்ணுக்கு அடித்து, இரகசிய எண்ணையும் பின் வெளிநாட்டு எண்ணையும் அழுத்த வேண்டும். அட்டை நிறுவனம் மொத்தச் சந்தையில் வாங்கிய நிமிடங்களில் அழைப்பை அனுப்பும். உள்ளூர் எண் மட்டுமே தேவைப்படுவதால் எந்தத் தொலைபேசியிலிருந்தும் பேசலாம்.

அட்டையில் அச்சிட்ட நிமிடங்களும் பேசக் கிடைத்த நிமிடங்களும் அரிதாகவே ஒத்துப்போயின. இணைப்புக் கட்டணம், வாராந்திரப் பராமரிப்புக் கட்டணம், மூன்று நிமிடப் படிகளாக மேல்நோக்கிக் கணக்கிடுதல், செல்பேசிக்குத் தனி விலை, பொதுத் தொலைபேசியில் இருந்து பேசினால் கூடுதல் கழிவு எனப் பலவும் சிற்றெழுத்தில் இருந்தன. அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2008இல் இத்தகைய அட்டை நிறுவனங்கள்மீது நீதிமன்றம் சென்றது.

நிமிட விலையை மட்டும் பார்த்து ஏமாறுவது எப்படி என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு காட்டும். முதல் சேவை நிமிடத்துக்கு 2 சென்ட், இணைப்புக் கட்டணம் 49 சென்ட், மூன்று நிமிடப் படி. இரண்டாவது சேவை நிமிடத்துக்கு 6 சென்ட், நொடிக் கணக்கு, வேறு கட்டணம் இல்லை. 4 நிமிடம் 10 நொடி பேசினால் முதல் சேவை அதை 6 நிமிடமாக எடுத்து 12 சென்ட்டும் இணைப்புக்கு 49 சென்ட்டும் சேர்த்து 61 சென்ட் கழிக்கும். இரண்டாவது 25 சென்ட்டோடு நிற்கும். ஆனால் அரை மணி நேரம் பேசினால் முதலாவதில் 109 சென்ட், இரண்டாவதில் 180 சென்ட். ஏறக்குறைய 13 நிமிடத்தைத் தாண்டிய பிறகே முதல் சேவை மலிவாகிறது. நலம் விசாரித்து வைத்துவிடுபவருக்கும் மணிக்கணக்கில் பேசுபவருக்கும் ஒரே சேவை மலிவாக இருக்காது.

குரல் பொட்டலமாதல்

பழைய தொலைபேசியில் இரு முனைகளுக்கும் இடையே ஒரு முழுத் தடம் ஒதுக்கப்பட்டது. பேசாத நேரத்திலும் அந்தத் தடம் அவர்களுக்கே. இணையம் இப்படி ஒதுக்குவதில்லை. குரல் சிறு துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் முகவரி எழுதிய பொட்டலமாக, மின்னஞ்சலும் காணொளியும் செல்லும் அதே பாதையில் செல்கிறது. அமெரிக்க இராணுவ ஆய்வு வலையமைப்பான அர்பாநெட்டில் 1970களிலேயே இது சோதிக்கப்பட்டது. 1995இல் இஸ்ரேலின் வோக்கல்டெக் நிறுவனம் வீட்டுக் கணினிகளுக்கான இணையத் தொலைபேசி மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2003 ஆகஸ்டில் ஸ்கைப் வந்தது.

குரலை எண்களாக மாற்றிச் சுருக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். தொலைபேசித் தரமான ஜி.711, குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதுகிறது. அதுவே 64 கிலோபிட். ஜி.729 என்ற கோடெக், மனிதத் தொண்டை ஒலியெழுப்பும் விதத்தைக் கணித மாதிரியாக வைத்துக்கொண்டு, நொடிக்கு 8 கிலோபிட்டில் அதே பேச்சை அடக்குகிறது. 20 மில்லிநொடிக்கு ஒரு பொட்டலம் என்றால், அதில் குரல் 20 பைட்டும் முகவரித் தலைப்புகள் 40 பைட்டும் இருக்கும். சரக்கைவிடச் சாக்கு கனமானதுதான். அப்படியும் நொடிக்கு 24 கிலோபிட் போதும். இரு திசைக்கும் சேர்த்து ஒரு நிமிடத்துக்கு 360 கிலோபைட், ஒரு மணி நேரத்துக்கு 22 மெகாபைட்டுக்கும் குறைவு. 2012இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் கோடெக் இணையத்தின் வேகத்துக்கு ஏற்பத் தன்னைக் கூட்டிக் குறைத்துக்கொண்டு, பழைய தொலைபேசியைவிடத் தெளிவான குரலைத் தருகிறது. சாதாரணமாக ஒரு ஜிகாபைட் தரவில் பல மணி நேரம் பேசலாம்.

இதற்குரிய விலை தரத்தின் நிலையின்மை. பொட்டலங்கள் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்வதால், பெறும் கருவி அவற்றைச் சற்று நிறுத்திவைத்து வரிசைப்படுத்துகிறது. பிந்தியவை கைவிடப்படுகின்றன, அந்த இடத்தில் குரல் உடைகிறது. ஒரு திசையில் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிலைத்திருக்கும் செயற்கைக்கோள் வழியே போனால் ஏறி இறங்கவே கால் நொடி ஆகும். இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி முட்டிக்கொள்வார்கள். ஒளியிழையில் அந்தத் தொல்லை குறைவு.

செயலிக்குச் செயலி, செயலியிலிருந்து எண்ணுக்கு

இணைய அழைப்பில் இரண்டு வகைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் இருந்து வாட்ஸ்அப்புக்குப் பேசும்போது அழைப்பு தொலைபேசி வலையமைப்பைத் தொடுவதே இல்லை. எண் வெறும் அடையாளம்தான். முடிவிடக் கட்டணம் எழ இடமில்லை. இரு பக்கமும் தரவுக்கு மட்டுமே செலவு. 2015இல் வாட்ஸ்அப் குரல் அழைப்பைத் தொடங்கிய பின் காலிங் கார்டு வணிகம் சுருங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

செயலியிலிருந்து சாதாரண எண்ணுக்குப் பேசுவது வேறு. மறுமுனையில் இருப்பவரிடம் ஸ்மார்ட்போன் இல்லை, அல்லது தரவு இல்லை, அல்லது ஒரு மருத்துவமனைக்கோ வங்கிக்கோ பேச வேண்டும். அப்போது இணையத்தில் வரும் குரல் ஒரு நுழைவாயில் கருவியின் மூலம் தொலைபேசி வலையமைப்புக்குள் இறங்குகிறது. இறங்கிய இடத்தில் முடிவிடக் கட்டணம் வந்துவிடும். ஸ்கைப் 2004இல் தொடங்கிய இத்தகைய சேவைக்கு நிமிட விலை இருந்தது அதனால்தான். ஸ்கைப் 2025 மே மாதத்தில் மூடப்பட்டது. இதே வகைச் சேவையைத் தரும் பிற நிறுவனங்கள் இருக்கின்றன. இவற்றின் மலிவு முதல் இரண்டு பங்குகளை, அதாவது சொந்த நாட்டு நிறுவனத்தின் பங்கையும் கடல் கடத்தும் கூலியையும், வெட்டுவதால் வருவது. மூன்றாவது பங்கை எந்தச் செயலியாலும் சட்டப்படி வெட்ட முடியாது. ஆகவே இந்தியச் செல்பேசிக்கு நிமிடத்துக்கு ஒரு சென்ட் அளவில் தரக்கூடிய அதே சேவை, முடிவிடக் கட்டணம் உயர்ந்த நாட்டின் செல்பேசிக்குப் பல சென்ட் கேட்கும்.

இணைய அழைப்புக்குச் சட்டத் தடைகளும் உண்டு. இந்தியா 2002 ஏப்ரலில் இணையத் தொலைபேசியை அனுமதித்தபோது, இந்தியாவில் உள்ள கணினியிலிருந்து வெளிநாட்டு எண்ணுக்குப் பேசலாம், உள்நாட்டு எண்ணுக்குப் பேசக் கூடாது என்ற எல்லையோடுதான் அனுமதித்தது. ஐக்கிய அரபு அமீரகம் உரிமம் பெறாத செயலிகளில் குரல் அழைப்பைத் தடுக்கிறது. போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிகள் அங்கே இயங்குகின்றன. வளைகுடாவில் இருந்து தமிழகத்துக்கும் இலங்கைக்கும் பேசும் தொழிலாளர்கள் மற்ற நாடுகளில் இருப்பவர்களைவிடக் கூடுதலாகச் செலவிட்டதற்கு இந்தத் தடை ஒரு காரணம்.

பயணத்தில்

வெளிநாட்டுக்குப் பேசுவதும் வெளிநாட்டில் இருந்துகொண்டு பேசுவதும் இரு வேறு கணக்குகள். சொந்த நாட்டு சிம்மோடு பயணம் செய்பவர் ரோமிங்கில் இருக்கிறார். அவர் பயன்படுத்தும் கோபுரம் அயல்நாட்டு நிறுவனத்தினுடையது. அதற்கான வாடகையை அவருடைய நிறுவனம் கொடுத்து, அவரிடம் வசூலிக்கும். அவருக்கு வரும் அழைப்பு முதலில் சொந்த நாட்டுக்குப் போய், அங்கிருந்து அயல்நாட்டுக்கு அனுப்பப்படுவதால் உள்வரும் அழைப்புக்கும் பணம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜூன் 15 முதல் தன் எல்லைக்குள் இந்தக் கூடுதல் கட்டணத்தை நீக்கியது. மற்ற இடங்களில் ரோமிங் பேக், உள்ளூர் சிம், பயண இ-சிம் ஆகியவற்றில் ஒன்றைத் தேர வேண்டியிருக்கிறது. பயண இ-சிம்களில் பெரும்பாலானவை தரவு மட்டும் தருபவை; எண்ணும் அழைப்பும் இருக்காது.

வைஃபை காலிங் என்ற வசதி, செல்பேசிக் கோபுரத்துக்குப் பதில் வைஃபை வழியாகச் சொந்த நிறுவனத்தின் வலையமைப்பை அடைய வைக்கிறது. சில நிறுவனங்கள் வெளிநாட்டில் இருந்து இப்படிச் சொந்த நாட்டுக்குப் பேசுவதை உள்நாட்டு அழைப்பாகவே கணக்கிடுகின்றன. வேறு சில ரோமிங்காகவே கொள்கின்றன. புறப்படும் முன் கேட்டறிய வேண்டிய செய்தி இது.

தேர்வு

எந்த வழி மலிவு என்பதை நான்கு கேள்விகள் தீர்மானிக்கின்றன. முதலாவது, மறுமுனையில் ஸ்மார்ட்போனும் தரவும் உண்டா என்பது. இருந்தால், இரு நாட்டிலும் தடை இல்லாத செயலியே மலிவானது. இரண்டாவது, எந்த நாடு, எந்த முன்னொட்டு என்பது. அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர், இந்தியா போன்ற முடிவிடக் கட்டணம் குறைந்த நாடுகளுக்குச் செல்பேசி நிறுவனங்களின் ஐ.எஸ்.டி. பேக்கே பெரும்பாலும் போதும். கட்டணம் உயர்ந்த நாடுகளுக்குச் செயலியிலிருந்து எண்ணுக்குப் பேசும் சேவைகளின் விலைப்பட்டியலை, செல்பேசிக்கான விலையைத் தனியாகப் பார்த்து, ஒப்பிட வேண்டும். மூன்றாவது, ஒரு முறை எவ்வளவு நேரம் பேசப்படுகிறது என்பது. குறுகிய அழைப்புகளுக்கு நொடிக் கணக்கும் இணைப்புக் கட்டணம் இல்லாமையும் முக்கியம். நீண்ட அழைப்புகளுக்கு நிமிட விலை முக்கியம். நான்காவது, மாதம் எவ்வளவு பேசப்படுகிறது என்பது. மாதப் பேக்கின் விலையை அதில் உண்மையில் பேசிய நிமிடங்களால் வகுத்தால் வரும் தொகையே அதன் நிமிட விலை; காலாவதியாகும் நிமிடங்கள் அந்தத் தொகையை உயர்த்துகின்றன.

சந்தை விலையைவிட வெகுவாகக் குறைத்துச் சொல்லும் சேவைகளில் இரண்டில் ஒன்றை எதிர்பார்க்கலாம். மறைந்திருக்கும் கட்டணம் ஏதோ இருக்கும். இல்லையென்றால் அழைப்பு சிம் பாக்ஸ் போன்ற கள்ளப்பாதையில் போகும். மறுமுனையில் அழைப்பவரின் உண்மையான எண் தெரிகிறதா, மணி விரைவில் ஒலிக்கிறதா, எடுக்கும் முன் கணக்கு ஓடுகிறதா என்று சிறு தொகையில் ஓர் அழைப்பைச் சோதித்துப் பார்த்தால் பாதையின் தரம் தெரிந்துவிடும். முடிவிடக் கட்டணம் பூச்சியத்தை நோக்கி இறங்கும் நாடுகளில் செயலிக்கும் சாதாரண அழைப்புக்கும் இடையிலான விலை வேறுபாடு மறைந்துவருகிறது. உள்வரும் அழைப்பை வருவாயாகக் கருதும் நாடுகளில், தொழில்நுட்பம் எவ்வளவு மலிந்தாலும், அந்த வேறுபாடு அப்படியே நிற்கும்.